நாற்காலியில் உட்கார்ந்த சப்வூஃபர்

பாட்டு முழுதும் ஓடி முடிந்ததும் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கடி வாசிக்கிற?”

கேட்டது தப்பா? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் என் மகளின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். சாதாரணக் கிட்டார் இல்லை, தடித்த கம்பிகள் போட்டது, அடித்தொண்டையில் பேசுகிற ஜாதி. கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அவளே வாங்கியது. அதற்கு உறை தைத்துக் கொடுத்தது நான். நான் தையல்காரி. உள்ளே பஞ்சு வைத்து, தோள்பட்டைக்கு இரட்டைத் தையல் போட்டு, ஒரு குழந்தைக்குத் தைப்பது போலத்தான் தைத்தேன்.

குழுவின் முதல் பாட்டை ஒலிப்பதிவு செய்து முடித்த அன்று, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்னை என் நாற்காலியிலும், என் வீட்டுக்காரரை முக்காலியிலும் உட்காரவைத்து, எங்கள் பழைய ஸ்டீரியோவில் போட்டாள். பாடுகிற பெண்ணின் குரல் கேட்டது. டிரம்ஸ் கேட்டது. இன்னொருத்தியின் கிட்டார் கேட்டது. பாடுகிறவள் இடையில் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. என் மகளை மட்டும் காணோம்.

“நீயும் அதையேதான் சொல்றியா,” என்றாள். கடையில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் போனில் பாட்டைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு நீ லீவா என்று கேலி செய்தார்களாம். தான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றாள். பழைய வாத்தியங்கள் வாங்குகிற கடையில் பேசிவிட்டாளாம். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவாளாம். குழுவிடமும் அன்றைக்கே விலகுவதாகச் சொல்லிவிடுவாளாம். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த உறையைத் தைத்தது என் கைதானே, எனக்கு எப்படிப் பொறுக்கும்?

இவர் அதற்குள் ஸ்டீரியோவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் மனிதருக்கு முகமே மலர்ந்துவிடும். ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது, இதில் அவ்வளவு தாழ்ந்த சத்தம் வராது என்றார். லிஃப்ட் கிளம்பும்போது காதில் கேட்பதற்கு முன்னால் காலில் ஒரு அதிர்வு தெரியுமே, அவள் வாசிப்பது அந்த வகையாம். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வேண்டும், சப்வூஃபர் என்று பெயர் என்றார். இதை அவள் இருக்கும்போது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றேன். இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள் என்றார். அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனோம். விற்பனையாள் எடுத்தவுடன் வாஷிங்மெஷின் அளவில் ஒன்றைக் காட்டினான். சுவரெல்லாம் ஆடும் என்றான். சுவர் ஆடினால் வீட்டுச் சொந்தக்காரர் எங்களை ஆட்டிவிடுவார், இருப்பதிலேயே மலிவானதைக் காட்டு என்றேன். மலிவானது ஒரு மூலையில் இருந்தது. அதன் தலையில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் வேறு. எங்கள் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் பழையது, சப்வூஃபருக்கென்று தனி ஓட்டை அதில் கிடையாது, ஸ்பீக்கர் ஒயரையே இதில் மாட்ட முடியுமா என்று இவர் கேட்டார். விற்பனையாள் பெட்டியைத் திருப்பிக் காட்டினான். மாட்டலாம். பிறகு அந்தக் கீறலைக் காட்டிக் காட்டி நான் விலையைக் குறைத்தேன். போதாதென்று ஒயரையும் சும்மா வாங்கினேன். இவர் எனக்குத் தெரியாதவர் போல அடுத்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளம்பும்போது அந்த ஆள் ஒரு யோசனை சொன்னான். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், நீங்கள் உட்காரும் நாற்காலியில் அதை உட்காரவையுங்கள், பாட்டைப் போட்டுவிட்டு நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள், எந்த இடத்தில் தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம் என்றான். விலையைக் குறைத்த ஆத்திரத்தில் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவனை முறைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஸ்பீக்கர்களைத் திருப்பிப் போட்டு ஒயரை இணைக்கத் தொடங்கினார். நான் டார்ச் பிடித்தேன். ஜோடி ஒயரில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பக்கமும் கோடு போட்ட ஒயர் சிவப்பு முனையில் இருந்தது. வலது ஸ்பீக்கரிலும் சிவப்பில்தான் இருந்தது. இடது ஸ்பீக்கரில் கறுப்பில் இருந்தது. துணியில் நல்ல பக்கம் எது, மறுபக்கம் எது என்று நாள் முழுக்கப் பார்க்கிற கண் இது, சும்மா இருக்குமா?

“ஏங்க, ஒரு கையைத் திருப்பித் தைச்சிருக்கீங்களே.”

எந்தக் கை என்று எரிச்சலோடு குனிந்தவர் இரண்டு ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மாட்டியவர் அவர்தான். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது, தாழ்ந்த சத்தமெல்லாம் நடுவழியிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கிறது என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து விளக்கினார். ஒயரை மாற்றி மாட்டினால் வேலையிடத்தில் ஆட்களை உண்டு இல்லை என்று பண்ணுகிற மனிதர். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெண்ணிடம் சொல்லாதே என்றார். நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஒயரைச் சரிசெய்து பாட்டைப் போட்டதும், அடியில் ஏதோ ஒன்று லேசாகத் தெரிந்தது. அடுத்த அறையில் யாரோ நடமாடுவது மாதிரி. அப்போ பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடலாமா என்று இவர் ஆசையாகக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் சோபாவுக்குப் பின்னால் மூலையில் பெட்டியைத் தள்ளி, சுவிட்சைப் போட்டார்.

தொம்மென்று ஒரு சத்தம். அறை முழுக்க ஊதிப்போனது. அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுத்தன. கீழ்வீட்டுக்காரர் தம் வீட்டுக் கூரையைக் கம்பால் தட்டினார். என் மகள் அதற்குள்ளே எங்கோ மாவாக அரைபட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்தோம். ஜன்னலுக்கு அடியில் வைத்தோம். அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. அவள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த விற்பனையாள் சொன்னதைச் செய்தோம். நான் தைத்த மெத்தைமேல், என் நாற்காலியில், அந்தக் கீறல் விழுந்த பெட்டி ஜம்மென்று உட்கார்ந்தது. நானும் இவரும் தரையில் இறங்கினோம். முழங்கால் வலி என்று இவர் இழுத்தார். மகள் முக்கியமா முழங்கால் முக்கியமா என்றேன். ஆளுக்கொரு சுவராகத் தவழ்ந்தோம். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அரைகுறையாகக் கேட்டது. வாசல் கதவை நெருங்கி, செருப்பு அலமாரியின் ஓரத்தில் தலையைக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்தாள்.

அவ்வளவு தெளிவாக இருந்தாள். பாடுகிறவளின் குரலுக்கு அடியிலேயே நடந்து வருகிறாள். இவள் வாசிப்பதன்மேல் காலை ஊன்றித்தான் மற்றவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். குரல் மேலே போனால் இவள் கீழே இறங்குகிறாள். பாட்டின் இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் சட்டென்று நிற்கிறாள், பிறகு ஓடிவந்து சேர்ந்துகொள்கிறாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவள் வாசித்ததை நானும் வாய்க்குள் முனக ஆரம்பித்தேன். இவரையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் செருப்பு வாசனைக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தோம்.

அப்போது கதவு திறந்து இவரது இடுப்பில் இடித்தது.

வேலையிலிருந்து வந்த மகள் எங்களைப் பார்த்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் எங்களைப் பார்த்தாள்.

“என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?”

“உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கோம். பையை வெச்சுட்டு இப்படி வந்து குனி.”

என்ன நினைத்தாளோ, பையை வைத்துவிட்டு மண்டியிட்டாள். மூன்று தலைகளும் செருப்பு அலமாரியோரம் சேர்ந்தன. பாட்டு ஓடியது. நான் பாட்டின் வார்த்தைகளை விட்டுவிட்டு அவள் வாசித்ததை மட்டும் கூடவே முனகினேன். அவள் பாட்டைக் கவனிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது.

“இங்க ஒரு தடவை நிக்கிறியே, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன் இங்க மட்டும் அப்படி?”

அவள் என் வாயிலிருந்து பார்வையை எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தாள்.

“அது தப்பும்மா,” என்றாள். “விரல் வழுக்கிடுச்சு. பதிவு பண்ணினவருக்குத் தெரியல. கூட வாசிச்சவங்களுக்கும் தெரியல. யாருக்குமே தெரியல.”

அழப்போகிறாளோ என்று பார்த்தால் சிரித்தாள். இரண்டும் சேர்ந்துதான் வந்தது. இவர், உங்கம்மா கண்ணுக்கு எந்தத் தப்பும் தப்பாது என்று ஆரம்பித்து, ஒயர் கதையைத் தானே உளறிக் கொட்டிவிட்டார். இத்தனை வருஷமாகவா என்று அவள் தரையில் உருண்டு சிரித்தாள். வாக்குக் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு எழுந்து அறைக்குள் போனவள், கிட்டார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. என் வாய்க்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“பயிற்சிக்கு நேரமாச்சு,” என்றாள். “அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிச்சுப் பதிவு பண்ணணும்னு சொல்லப்போறேன்.”

“கையை ஒடிச்சுடுவேன்,” என்றேன். “அது அப்படியே இருக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். அந்த வாத்தியக் கடைக்காரருக்கு நான் போன் செய்து, கிட்டார் வரவில்லை என்று சொன்னேன். இவர் செருப்பையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு, அலமாரியை நகர்த்தி, பெட்டியை அங்கே வைத்தார். நான் என் நாற்காலியை மீட்டு உட்கார்ந்தேன். பாட்டை முதலிலிருந்து போட்டோம். காது குளிரக் கேட்டேன். அந்த இடம் வந்தது. அவள் நின்றாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.