நீலத்தை மட்டும் கேட்டார்கள்

ரூபினா வரையும் நீல ஓவியங்களுக்கு மதுரையில் நல்ல கிராக்கி இருந்தது. உருவம் எதுவும் இருக்காது. நீலத்துக்குள் நீலம், நடுவே பொன்னிறத்தில் மெல்லிய கீற்று. பல் மருத்துவர்களும் புது அடுக்குமாடிக்காரர்களும் விரும்பி வாங்கினார்கள். ஒருநாள், தூரிகையைத் தொடும் முன்பே படம் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றோடு நீலத்தை நிறுத்தினாள்.

அதன்பின் தாரையும் சுண்ணாம்பையும் செம்மண்ணையும் பூசி, காய்வதற்குள் கொத்தனார் கரண்டியால் சுரண்டினாள். சில படங்கள் அவளுக்கே பிடிபடவில்லை. ஆனால் அவை வேறு யார் கையையும் நினைவூட்டவில்லை. அது போதும் என்றிருந்தாள்.

காளவாசல் பக்கம் ஒரு சின்ன அரங்கில் கண்காட்சி. தோழி தாமரைச்செல்வியின் ஏற்பாடு. படங்களை விற்றுக் கொடுப்பவளும் அவளே. உள்ளே நுழைந்ததும் ரூபினாவின் கண் நேராக இடது சுவருக்குப் போனது. பழைய நீல ஓவியம் ஒன்று அங்கே தொங்கியது. மனம் ஒரு நொடி குளிர்ந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"யாரக் கேட்டுடீ இத மாட்டுன?"

"சனம் உள்ள வரணும்ல? வந்தா மத்ததையும் பாப்பாங்க."

வந்தார்கள். நீலத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். தார்ப் படங்களை நிற்காமல் கடந்தார்கள். வாடிப்பட்டியில் கல்யாண மண்டபம் கட்டும் ஜெயபாண்டி நீலத்தை உடனே வாங்கிக்கொண்டார்.

"இதே மாதிரி இன்னும் நாலஞ்சு வேணும்மா. பாத்தாலே இதமா இருக்கு."

"இனிமே அது போடுறதில்லண்ணே."

"கை மறந்துருச்சா?"

"மறக்க மாட்டேங்குதுண்ணே. அதான் சங்கடம்."

அவருக்குப் புரியவில்லை. மரியாதைக்கு ஒரு தார்ப் படத்தின் முன் போய் நின்றார். "இது மண்டபத்துக்கு ஆகாதும்மா. வர்றவுக வயித்துல புளியக் கரைச்சிரும்" என்றார். அந்தப் படங்களைப் பற்றி அன்று அவள் கேட்ட ஒரே பேச்சு அதுதான். பொய்யில்லை என்று ரூபினாவுக்குத் தோன்றியது.

படங்கள் லோடு ஆட்டோவில் வீடு திரும்பின. ஒன்றைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினாள்.

"சாப்புடும்போது இது என்னையவே பாக்குது ரூபி" என்றான் கணவன் யாசீன்.

"கழட்டிரவா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வேணாம்" என்று நாற்காலியை இழுத்து, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.

ரூபினா எதிரே உட்கார்ந்தாள். படத்தின் கீழ் மூலையில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் அழகாக விழுந்திருந்தது. அதையும் சுரண்டிவிடலாமா என்று யோசித்தபடியே சாப்பிட்டாள். தட்டு காலியாவதற்குள், அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.