மேனேஜர் ரிவர்ஸில் வருகிறார்

நான் பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதத்திலேயே என் மகள் எங்கள் வீட்டில் பதவியேற்றாள். தலையில் முடி கிடையாது, வாயில் பல் கிடையாது, ஆனால் இமைக்காமல் ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், எங்கள் டெப்போ மேனேஜர் தோற்றுப்போவார். ஆகவே 'மேனேஜர்' என்றே கூப்பிட்டோம். கடையில் "பேத்தியா?" என்று கேட்பவர்களிடம், "இல்லைங்க, மேலதிகாரி" என்பேன்.

என் மனைவிக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி. அதே டெப்போவில் கண்டக்டர். என் வண்டிக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கீழே இறங்கிப் போய், வண்டியின் முதுகை உள்ளங்கையால் தட்டுவாள். "வா... வா... வா... போதும்!" அந்தத் தட்டலை நம்பி ஒரு யானையைக்கூடத் தீப்பெட்டிக்குள் நிறுத்தியிருப்பேன். அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தவன், கல்யாணத்தில்தான் பிரேக் போட்டேன்.

அவள் டியூட்டிக்குப் போனதும் பகல் முழுக்க மேனேஜர் என் பொறுப்பு. கழுத்து நின்ற அன்று வீட்டை ஒரு சுற்று ஆய்வு செய்து, மின்விசிறியைக் கண்டித்தாள். குப்புற விழுந்த அன்று கட்டடமே குலுங்கியது. கீழ் வீட்டுக்காரர் பதறிப்போய் மேலே ஓடி வந்தார். அவர் வந்தது தண்ணீர் மோட்டார் விஷயமாக என்று என் மனைவி சொல்வாள், நம்பாதீர்கள். முதல் பல் முளைத்ததற்கு என் ஆள்காட்டி விரல் சாட்சி.

அடுத்தது தவழ்வது. அங்கேதான் வம்பு வந்தது. மேனேஜருக்கு முன் கியர் விழவில்லை. முட்டி போட்டு, இரண்டு கையாலும் தரையை ஓங்கித் தள்ளுவாள். உடம்பு சர்ரென்று பின்னால் போகும். ரிவர்ஸ் மட்டும் அபாரம். கண்ணாடி இல்லாமலே சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்பாள். என் முப்பது வருட அனுபவமும் அந்த இடுக்கில் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

தடுப்பூசி போட்ட நர்ஸ், "சில குழந்தைங்க முதல்ல பின்னாடிதாம்மா போகும். கைக்கு பலம் முந்திக்கும். பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். எனக்குப் போதும். என் மனைவிக்குப் போதவில்லை. ஏனென்றால், சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுவாள். மேனேஜர் அவளைப் பார்த்ததும் குதிப்பாள், கத்துவாள், தரையைத் தள்ளுவாள், போய்க்கொண்டே இருப்பாள். பின்னால்! சோபாவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். நீட்டிய கை நீட்டியபடியே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தங்கை வந்திருந்தாள். அதே நாடகம் நடந்தது.

"என் பையன் ஆறு மாசத்துலயே ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கிட்டான்" என்றாள் தங்கை.

"ஆறு மாசத்துலயா? பொறந்த அன்னிக்கே ஆஸ்பத்திரியிலேருந்து ஆட்டோ பிடிச்சு வந்தான்னுல்ல கேள்விப்பட்டேன்" என்றேன்.

"அத்தான், உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. பகல் பூரா அக்கா வீட்ல இல்ல. பிள்ளைக்கு அம்மா முகமே பழகல."

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள். முகம் வாடிவிட்டது.

"அவ சொல்றது நெசந்தாங்க. என்னைப் பாத்தாலே தூரமாப் போறா. நாளைக்கே வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

டிக்கெட் பையை மாட்டினால் இரண்டு அங்குலம் உயர்ந்து நடக்கிறவள் அவள். அந்தப் பையை ஆணியில் நிரந்தரமாகத் தொங்கவிட நான் சம்மதிப்பேனா?

"இரு கண்டக்டரம்மா. மேனேஜரையே கேட்டுடுவோம்" என்றேன்.

பால் குடிக்கும் நேரம்தான். புட்டியை நிரப்பி, மேனேஜரின் மூக்குக்கு நேரே நான்கு அடி தள்ளித் தரையில் வைத்தேன். பாலைக் கண்டதும் பசி தலைக்கேறியது. உறுமினாள். முழு பலத்தோடு தரையைத் தள்ளினாள். சர்ரென்று பின்னால் போனாள். புட்டி சின்னதாகச் சின்னதாக, கத்தல் பெரிதானது.

"பாத்தியா? பால் மேலயும் கோவமா அவளுக்கு? பாலோட முகமும் பழகலையா?"

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் புட்டியை விட்டு நகரவே இல்லை, நகர்ந்தது மற்றதெல்லாம்.

"அடிப்பாவி, இத்தனை நாளும் என்கிட்ட வரத்தான் பாத்தியா?" என்றாள் மெதுவாக.

அதற்குள் மேனேஜர் மேசைக்காலை நோக்கி முழு வேகத்தில் பின்வாங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஒரே தாவலில் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கை தானாகத் தரையைத் தட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதே தட்டல்.

"வா... வா... வா... லெஃப்டுல ஒடி... வா..."

மேனேஜர் லெஃப்டில் ஒடித்தாள். தற்செயல் என்பாள் தங்கை. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அங்குலம் பிசகாமல் வந்து, அம்மாவின் மடியில் தொப்பென்று பின்பக்கத்தை இறக்கினாள்.

"போதும்!" என்றாள் என் மனைவி. அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. புட்டியை எடுத்துக் கொடுத்தேன். மேனேஜர் மடியிலேயே குடித்தாள்.

அன்றிலிருந்து கண்டக்டரம்மா வேலையிலிருந்து வந்ததும் குழந்தைக்கு எதிரே நிற்பதில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து தரையைத் தட்டுவாள். வேலையை விடும் பேச்சை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

போன வாரம் அதே மாதிரி பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒரு கையை எடுத்து முன்னால் வைத்தாள். யோசித்தாள். அடுத்த முட்டியை வைத்தாள். முன் கியர்! அம்மாவை விட்டு நேராக வாசல் பக்கம் போனாள். மறுபடியும் அந்த முகம் வாடிவிடுமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போகட்டும் விடுங்க டிரைவர் சார். எந்த ரூட்ல போனாலும் வண்டி டெப்போவுக்குத்தானே வரணும்."

மேனேஜர் அதற்குள் வாசலில் கிடந்த அம்மாவின் ஷூவை எட்டிப் பிடித்து, அதன் கயிற்றைச் சப்பத் தொடங்கியிருந்தாள்.