நல்ல அழுக்கு

ஈரத்துணியால் தவளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான் சுப்பையன். தம்பிதுரையின் தென்னந்தோப்பில் காலமெல்லாம் மாடு கழுவிய கை. வழவழப்பைக் கண்டால் சும்மா விடாது. மலையடிவாரத்துத் தவளை ஆராய்ச்சிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே ஒரு தொட்டித் தவளைகள் பளபளத்தன. பிறகு தோல் உரிந்து மல்லாந்தன.

ஆராய்ச்சிக்கார பிரத்யுஷா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணா, அது அழுக்கில்லீங்க. தோல் மேல நல்ல பாக்டீரியா குடியிருக்குதுங்க. பூஞ்சை நோய் அண்டாம அதுதான் காவல். காவக்காரனையே தொடச்சுப் போட்டீங்க!"

"அப்ப நல்ல அழுக்குன்னு சொல்லுங்க அம்மணி."

அவள் சிரித்துவிட்டாள். சுப்பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. தேங்காய் மட்டை உரித்த உடம்போடு மனைவி மாசாணியம்மாள் ஓடை மடுவில் கால் வைத்த அன்று, "உங்க அழுக்கையெல்லாம் இங்க கரைக்காதீங்கடி" என்று ஆட்கள் முன்னால் விரட்டியவர் தம்பிதுரை. சாகும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது அதே மடுவில் மோட்டார் வைக்கத் துடிக்கிறார் தம்பிதுரை. நோயில் பெரும்பாலும் அழிந்த தவளை அங்கே மறுபடி பிழைத்தால் மடுவுக்கு அரசாங்கம் வேலி போடும். யாரும் இறங்க முடியாது.

அதைக் கேட்டதிலிருந்து சுப்பையன் வன்மத்தை ஊட்டித் தவளை வளர்த்தான். நோய்க்குத் தப்பிய மடுத் தவளைகளின் தோலிலிருந்து நல்ல அழுக்கை எடுத்துப் பெருக்கிய கலங்கல் நீரில், கையுறை போட்டுக்கொண்டு, அவற்றைக் குளிப்பாட்டினான். "பொழச்சுக்கோ கண்ணு. ஒருத்தன் வயிறு எரியோணும்."

தவளை விடும் நாளன்று தம்பிதுரையும் வந்தார். வேட்டியை மடித்துக்கட்டி மடுவில் காலை நனைத்தார்.

"என்றா சுப்பையா, தவளைக்குப் பேறுகாலம் பாக்கறயாமா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பையன் நிமிர்ந்தான். வழக்கமாக வரும் 'சாமி' வாயில் வரவில்லை.

"ஏனுங்க, காலெ எடுத்துக்குங்க. உங்க அழுக்கு பட்டா தவளைக்கு ஆகாதுங்க."

சிரிப்பு நின்றது. தம்பிதுரை பிரத்யுஷாவைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்," என்றாள் அவள், எதுவும் அறியாமல். "வெளி ஆளுங்க எறங்கக் கூடாதுங்க."

அவர் காலை எடுத்துப் பாறைமேல் வைத்தார். சுப்பையன் குனிந்து, தவளை ஏந்திய கையைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினான். தவளை அசையவில்லை, தொண்டை மட்டும் துடித்தது.

"குதி," என்று பல்லைக் கடித்தான்.

பாறையில் தம்பிதுரையின் ஈரச்சுவடு வெயிலில் ஓரம் காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. தவளை இன்னும் கையிலேயே இருந்தது.