குதிரடியில் நின்ற அப்பா

இலந்தைக் கிளையைக் கையில் எடுத்த நிமிடம் முதல் டுமா என்கிற டுமெஸ்வேனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜூலு வழக்கம் அது: செத்தவர் விழுந்த இடத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உயிர் அந்தக் கிளையில் வந்து அமரும். வீடு போய்ச் சேரும்வரை சுமப்பவன் அதனோடு மட்டுமே பேசலாம். வேறு யாரிடமாவது வாயைத் திறந்தால் போச்சு, உயிர் நடுவழியில் நின்றுவிடும்.

அப்பா விழுந்தது ஸ்டேயன்டால் ஊரின் சிமென்ட் தானியக் குதிருக்குள். அதற்கப்புறம் அந்த வீட்டில் மாடு தங்கவில்லை, டுமாவுக்கு வேலை தங்கவில்லை, தூக்கமும் தங்கவில்லை. "உங்கப்பா இன்னும் அங்கயேதான்டா நிக்கிறாரு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.

போயும் போயும் ஊருக்கு நூறு வயது நிறையும் நாளா வாய்க்க வேண்டும்! குதிரின் கேட்டை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டது அன்று மட்டும்தான். உள்ளே போய் அப்பாவைக் கூப்பிட்டாகிவிட்டது. இனி இந்தத் திருவிழாக் கூட்டத்தைத் தாண்ட வேண்டும்.

தங்கை தோகோசிலே முன்னால் போய் வழி விலக்கினாள். "தள்ளுங்க, தள்ளுங்க, எங்கப்பா வர்றாரு!"

"என்னக்கா, அண்ணன் ஆட்டுக்குத் தழை கொண்டு போறாரா?" என்றான் பட்டணத்திலிருந்து வந்த ஒருவன்.

"ஆமா. உன்னையும் பட்டியில கட்டிட்டுப் போடத்தான்."

வண்டி மேடையில் பெரிய பண்ணைக்காரர் ஃபூரி மைக்கைப் பிடித்திருந்தார். வெள்ளைக்காரரானாலும் ஜூலு மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "எங்க தாத்தா வந்தப்ப இங்க ஒரு குடிசைகூட இல்ல. அதோ நிக்குது பாருங்க அந்தக் குதிரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு உயிர் போனதில்ல!" டுமாவைக் கண்டதும் முகம் மலர்ந்து இறங்கி வந்தார். "அட, நம்ம டுமா! என் டிராக்டரை ஓட்டினவன். ரெண்டு வார்த்தை சொல்லுப்பா."

"அவரு இப்பப் பேசக்கூடாது, முதலாளி" என்றாள் தோகோசிலே.

"ஏம்மா, நாக்குல முள் குத்திடுச்சா?"

கூட்டம் சிரித்தது. மைக் டுமாவின் வாய்க்கு நேரே நின்றது. 'பொய்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அப்பா இந்தத் தெருவிலேயே நின்றுவிடுவார். பல்லைக் கடித்தான். பிறகு கிளையின் பக்கம் குனிந்தான்.

"அப்பா, கேட்டீங்களா? இங்க குடிசையே இல்லையாம். உங்க தாத்தாவோட மாட்டுப்பட்டி, இதோ இந்த பேங்க் நிக்கிற இடத்துலதானே இருந்துச்சு? குதிருல ஒரு உயிரும் போகலையாம். நீங்க உள்ள விழுந்தும் மக்காச்சோளம் கொட்டுற மிஷினை நிறுத்தலையே. லாரிங்க காத்துக்கிட்டு இருக்குன்னு சாயங்காலம் வரைக்கும் ஓட்டினாங்களே. கோவிச்சுக்கிட்டு நின்னுடாதீங்கப்பா. நடங்க."

அத்தனையும் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுக்கக் கேட்டது. பேண்டு வாத்தியம் நின்றது. ஃபூரியின் கை தானாகத் தாழ்ந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சாவு வீட்டில் உட்காருவது போலத் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். டுமா நடந்தான்.

பின்னாலிருந்து சோளக்கதிர் சுட்டு விற்கும் கிழவி கத்தினாள். "டுமா! எங்கண்ணனும் அந்தக் குதிருலதான்டா போனான். அவன் அங்க நிக்கிறானா? சொல்லிட்டுப் போடா!"

"என் புள்ளையும்!" என்றது இன்னொரு குரல்.

டுமா நின்றான். திரும்பிப் பார்த்தால் பேசிவிடுவான். கிளையை நெஞ்சோடு அணைத்தான்.

"அப்பா, தனியா வராதீங்க. அங்க நிக்கிறவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. நம்ம வீட்ல இடம் இருக்கு."