ஆளில்லாத ஊருக்கு ஒரு மேயர்

நான் வெர்மோ ஊரின் மேயர். ஊரில் ஒரு ஆள்கூட இல்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாற்பத்தேழு வீடு, ஒரு மாதா கோயில், ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே பிழைத்த இரண்டு ஒயின் கடை, இவ்வளவுதான் எங்கள் ஊர். 1916 பிப்ரவரியில் வெர்தன் நகரைப் பிடிக்க ஜெர்மன்காரன் வந்தபோது ஒரே காலையில் எங்கள் பட்டாளத்தார் எங்களைப் பனியில் நடக்க வைத்துக் கிளப்பினார்கள். பிறகு பத்து மாதம் இரண்டு பக்கத்துப் பீரங்கிக் குண்டும் ஊர்மேல் மாறி மாறி விழுந்தது. சண்டை முடிந்து திரும்பிவந்து பார்த்தால் என் வீடு எது, கோயில் எது என்று தெரியவில்லை. கல்கூட இல்லை. குழியும் குழிக்குள் தண்ணீரும்தான்.

அரசாங்கம் அந்த நிலத்தைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டது. மண்ணுக்குள் வெடிக்காத குண்டு கிடப்பதால் அங்கே உழக் கூடாது, குடியிருக்கக் கூடாது. ஆனால் ஊரை மட்டும் ரத்து செய்யவில்லை. பிரான்சுக்காக உயிர்விட்ட ஊர் என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய ஊருக்கு மேயர் வேண்டாமா? ஓட்டுப் போட ஆளில்லாததால் மாவட்ட ஆட்சியரே என்னை நியமித்தார். எனக்கு எதிராக யாரும் நிற்கவில்லை.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே, வண்டிப்பாதை ஓரமாக, தகரக் கூரை போட்ட பலகைக் கொட்டகைதான் என் அலுவலகம். நான் குடியிருப்பது பக்கத்து ஊரில், ஒரு கொல்லர் வீட்டுப் பின்னறையில். செவ்வாயும் வெள்ளியும் நாலு கிலோமீட்டர் நடந்து வந்து கதவைத் திறப்பேன். அடுப்பு மூட்டிச் சிக்கரிக் காப்பி போடுவேன். வந்த அறிவிப்புகளைக் கதவில் ஒட்டுவேன், அது சட்டம். நாய் வரியை மாதக் கடைசிக்குள் கட்டிவிட வேண்டும் என்று ஒருமுறை ஒட்டினேன். படிக்க நாய்கூட வரவில்லை.

1921-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. எத்தனை பேர் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஒன்று என்று போட்டேன். பெயர்: ரெமி தீரியோன். தொழில்: விவசாயம். குறிப்பு: தற்சமயம் ஊரில் இல்லை. ரெமி என் மகன். 1915 செப்டம்பரில் ஷம்பாஞ் பக்கம் ஒரு காட்டுக்குள் தன் பட்டாளக் கம்பெனியோடு ஜெர்மன்காரனைத் தாக்க ஓடினான். வெளியே வரவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, காணவில்லை என்றுதான் தாள் வந்தது. என் படிவத்தை மாவட்ட அலுவலகம் திருப்பி அனுப்பியது. ஒரு குமாஸ்தா சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தான். நான் அதை மறுபடி அப்படியே அனுப்பினேன். விஷயம் வெளியே கசிந்து சுற்றுவட்டாரம் முழுக்கச் சிரித்தது.

ரெமியின் மனைவி ஒனோரின். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கூடச் சேர்ந்து இருந்திருக்க மாட்டார்கள், யுத்தம் வந்துவிட்டது. குழந்தை இல்லை. அகதியாகத் தெற்கே போனபோது என் மனைவியைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனவள் அவள்தான். அந்த வருஷமே என் மனைவி இறந்தாள். அன்றிலிருந்து உலகத்தில் என்னை உறவு சொல்லிக் கூப்பிட ஒனோரின் ஒருத்திதான். இப்போது வெர்தன் நகரில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரயில்வே கேட் காவலாளி அன்செல்ம் ஜிலேயை அவள் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள் என்று போன வருஷக் கடைசியில் அவளே வந்து சொன்னாள். ஒற்றைக் கைக்காரன். நல்லவன்தான், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன்.

காணாமல் போனவனின் மனைவி மறுமணம் செய்ய வேண்டுமென்றால், அவன் இறந்துவிட்டான் என்று முதலில் கோர்ட் தீர்ப்பு சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பை அவன் கடைசியாகக் குடியிருந்த ஊரின் மரணப் பதிவேட்டில் மேயர் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அவள் விதவை. ரெமி கடைசியாகக் குடியிருந்த ஊர் வெர்மோ. மேயர் நான்.

தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. படித்தேன். மடித்து மேசை டிராயரில் வைத்தேன். மே மாதம் அவள் வந்து கேட்டாள்.

"வரலைம்மா" என்றேன். "கோர்ட்டு ஆளுங்க மத்தியானம் தூங்கவே நேரம் பத்தலைன்னு அலையறானுங்க. எழுத எங்க நேரம்?"

ஜூலையிலும் அதையே சொன்னேன். ஆகஸ்டிலும் சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மூன்றாம் தடவை நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. நான் எழுதாதவரை அவன் காணாமல் போனவன்தான். எழுதிவிட்டால் கொன்றது நான் என்று ஆகிவிடும். அறுபத்தியொரு வயசுக்காரன் நினைக்கிற நினைப்பா இது? ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை, காலைப் பத்து மணி இருக்கும். கதவு திறந்தது. ஒனோரின். சால்வையை உதறிவிட்டு உட்காராமல் நின்றாள். பாதை ஓரத்தில் அன்செல்ம் ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தான்.

"அவனை ஏன் மழையில நிக்க வச்சிருக்கே? உள்ள வரச் சொல்லு."

"வரமாட்டாராம் மாமா. இது ரெமி வீட்டு விஷயமாம்."

தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கோர்ட் எழுத்தர் எழுதியது. தீர்ப்பை ஏப்ரல் பதினொன்றாம் தேதியே வெர்மோ மேயருக்கு அனுப்பியாகிவிட்டது என்று இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க இருக்கு மாமா?"

"டிராயர்ல."

"ஆறு மாசமா பூட்டி வச்சிருக்கீங்க."

"பூட்டலை. இந்த டிராயருக்குப் பூட்டே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவள் கோட்டின் நடுப்பித்தான்கள் மூன்றும் போடப்படாமல் இருந்தன. போட முடியாது. ஐந்து மாதம் இருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்குள் எழுந்தது கோபம் இல்லை. சந்தோஷம். மேயராக இருப்பவனுக்குச் சட்டம் தெரியும். கல்யாணமான பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை அவள் புருஷனுடைய குழந்தை. புருஷன் செத்ததாகப் பதிவு ஏறாதவரை அவன் உயிரோடு இருப்பவன். நான் சும்மா இருந்தாலே போதும், பிப்ரவரியில் எனக்கு ஒரு பேரக்குழந்தை. தீரியோன் என்று பெயர். அப்பா ரெமி தீரியோன், வெர்மோ ஊர் விவசாயி.

ஒனோரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது மாமா. அன்செல்ம் ஊரு மேயர் எல்லாம் சொல்லிட்டாரு. இந்தத் தாள் ஏறலைன்னா அன்செல்ம் பேரைப் போட முடியாதாம்."

"தீரியோன்னு பேர் இருந்தா குழந்தைக்கு என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. "நல்ல பேரும்மா. இந்த மண்ணுல இருநூறு வருஷம் இருந்த பேரு."

"நல்ல பேருதான். ஒன்பது வருஷமா நானும் அதைத்தானே வச்சிருக்கேன்." நாற்காலியை இழுத்து இப்போது உட்கார்ந்தாள். "ரெமி குழந்தை வேணும்னு நான் எவ்வளவு அழுதேன்னு அத்தைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வரலை. இது அந்தக் குழந்தை இல்ல மாமா."

"எனக்கு யாரு இருக்கா?"

இதை நான் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். தகரக் கூரைமேல் மழை பெரிதாக விழுந்தது. பிறகு சொன்னாள்: "ஏழு வருஷம் நான் பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல. ஸ்டேஷன்ல ரயில் நின்னா இறங்கறவன் முகத்தையெல்லாம் பார்ப்பேன். சலவைக்கு வர்ற பட்டாளத்துச் சட்டையில பேர் தைச்சிருந்தா ஒண்ணொண்ணா படிப்பேன். அதை நிறுத்தறதுக்கே எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் நிறுத்தலை, அது உங்க இஷ்டம். ஆனா இந்தக் குழந்தையோட அப்பா அதோ மழையில நிக்கறாரு. உயிரோட நிக்கறாரு. ரெமி இருக்காருன்னு கணக்குல எழுதினீங்க. இப்ப இவரு இல்லைன்னு எழுதப்போறீங்களா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்செல்ம் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு தொப்பியிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். எங்கள் கொட்டகையைப் பார்க்காமல் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றான். அவனை வெறுக்க நான் எடுத்த முயற்சியெல்லாம் அந்த இடத்தில் வீணாய்ப் போனது.

டிராயரைத் திறந்தேன்.

பதிவேடு இரண்டு பிரதி. ஒன்று ஊருக்கு, ஒன்று வருஷக் கடைசியில் கோர்ட்டுக்குப் போகும். இரண்டிலும் முழுக்க எழுத வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் பதினெட்டுப் பேரை நான் அப்படி ஏற்றியிருக்கிறேன். பிறப்புப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் வாங்கியபடியே புதுசாக இருக்கின்றன. என் கையெழுத்து நன்றாக இருக்கும், பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். முதல் பிரதியை மெதுவாக எழுதினேன். தீரியோன், ரெமி. வெர்மோவில் பிறந்தவர். நூற்றியாறாம் காலாட்படை சிப்பாய். நிகேஸ் தீரியோனின் மகன். ஒனோரின் கோலேயின் கணவர். செப்டம்பர் 25, 1915 அன்று பிரான்சுக்காக இறந்தார். கடைசியாக வசித்த ஊர் வெர்மோ. ஒரு அடித்தல் இல்லை.

எழுதியதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற பதினெட்டுப் பேரையும் ஆளில்லாத கொட்டகையில் தனியாகத்தான் வாசித்தேன். இந்த முறை கேட்க ஒருத்தி இருந்தாள். 'நிகேஸ் தீரியோனின் மகன்' என்று என் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்து முடித்தேன்.

இரண்டாவது பிரதியைத் திறந்து பேனாவை மையில் தோய்த்தேன். எழுத வேண்டிய இடத்துக்கு வெளியே ஒரு சொட்டு விழுந்தது. ஒற்றுத்தாள் தேடினேன். ஒனோரின் எழுந்து வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குடுங்க மாமா. கையெழுத்து மட்டும் நீங்க போட்டாப் போதும்ல?"

"போதும்."

குனிந்து எழுதினாள். சலவைச் சோடாவில் தோல் உரிந்த விரல்கள். என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரி வரியாகப் போனாள். 'ஒனோரின் கோலேயின் கணவர்' என்று அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு வரும் இடம் வந்தபோது பேனாவைத் தூக்கி, உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் பெயரை எழுதினாள். ரெமியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடக்கம் செய்தோம். வேறு அடக்கம் அவனுக்கு நடக்கவில்லை, நடக்கவும் நடக்காது.

நான் இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அவள் கொண்டுபோக ஒரு நகல் எழுதி முத்திரை குத்தினேன். மை காயும்வரை ஊதினாள். அன்செல்மை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்திருக்கலாம், அடுப்பில் காப்பி இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

நகலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கதவுவரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். அவள் முகம் லேசாகிவிட்டிருந்தது. ஏதோ பயந்து பயந்து கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"இனிமே உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?"

எங்கள் வீட்டில் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. சாவு வீட்டிலும் குத்தலாக ஒரு வார்த்தை சொல்லித்தான் மூச்சு விடுவோம். ரெமியாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

"மேயர்னு கூப்பிடு" என்றேன். "அதுக்குத்தானே சம்பளம் இல்லாம இங்க உக்காந்திருக்கேன்."

நான் பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பாள்.

"சரிங்க மேயர் ஐயா" என்றாள். "ரொம்ப நன்றிங்க."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த 'ஐயா' காதில் விழுந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எழுந்து கதவைத் திறந்தேன். அவர்கள் அதற்குள் பாதை வளைவுவரை போயிருந்தார்கள். அன்செல்மின் சைக்கிளை இப்போது அவள் தள்ளிக்கொண்டு போனாள். அவன் தன் ஒற்றைக் கையால் தொப்பியை அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"மாமான்னே கூப்பிடும்மா" என்றேன். மழைச் சத்தத்தில் அவர்கள் திரும்பவில்லை.