ஷோகேஸில் நின்ற வெள்ளை வைன்

கனடாவில், மோர்னிங்சைட்டில் கிளடிஸின் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் அந்தப் போத்தலைப் பார்த்தாக வேண்டும். ஹீற்றருக்குப் பக்கத்தில் ஷோகேஸ். அதன் நடுத்தட்டில், பீங்கான் பொம்மைகளையும் லூர்து மாதாவையும் ஓரங்கட்டிவிட்டு, குட்டி பல்ப் வெளிச்சத்தில் அது நிமிர்ந்து நின்றது. அருமையான சாமான் என்றால் நம் சனத்துக்கு வேறெங்கே வைக்கத் தெரியும்?

"மகன் செய்த வைன்," என்பாள் கிளடிஸ். விஸ்கிக்காரரான அவள் புருசன் அமிர்தநாதர்கூட அதைத் தொட முடியாது. தொட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

பிரான்சில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்த்து வைன் செய்கிறது. தாய், தகப்பன், இரண்டு பெண்கள். வெளியாள் என்றால் கிளடிஸின் மகன் அன்புராசா மட்டும். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒரு கல்லுக்காணி. அதில் காய்ப்பதை வேறு எந்தத் தோட்டத்துப் பழத்தோடும் கலக்காமல் தனியாக ஒரு வெள்ளை வைன் செய்வார்கள். அந்தக் காணியை நம்பி அவனிடம் விட்டார்கள். அவன் பொறுப்பில் விளைந்த முதல் வைனில் ஒரு போத்தலைக் கனடாவுக்கு வந்த ஒருவரிடம் தாய்க்குக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு போனில் எப்போதும் அதே கேள்விதான்.

"அம்மா, குடிச்சுப் பாத்தனீங்களே? எப்பிடி இருக்கு?"

"நீ வா தம்பி. எல்லாரும் சேர்ந்து உடைப்பம்."

"உது வைக்கிற சாமான் இல்லையம்மா. குளிராக்கிப்போட்டுக் குடியுங்கோ. நான் வரேக்கை வேறை கொண்டு வாறன்."

புதுச் சேலை வாங்கிக் கொடுக்கிற பிள்ளை 'இப்பவே உடுங்கோ' என்று சொல்வதில்லையா, அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். அவனோ அறுவடை முடியட்டும், கொப்பு வெட்டி முடியட்டும் என்று வருடங்களைத் தள்ளினான்.

அப்படித் தள்ளிய ஓர் அறுவடையில்தான், அதே சரிவில் அவன் ஓட்டிய ட்ராக்டர் புரண்டது. அகதி வழக்கு இன்னும் முடியாத தாயும் தகப்பனும் கனடாவை விட்டு எங்கே போவது? பிள்ளையை அங்கேயே அடக்கம் செய்தார்கள். போனில், தெரியாத மொழியில், முதலாளியின் மனைவி அழுவதைக் கேட்டுக்கேட்டுக் கிளடிஸும் அழுதாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்த சனம் சாப்பிட்டுப் போனது. கிளடிஸ் போத்தலை எடுத்து அமிர்தநாதரிடம் நீட்டினாள். தக்கை காய்ந்து துகளாக உதிர்ந்தது. கோப்பையில் விழுந்தது ஆறின தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"பழுதாப் போச்சு. வினாகிரி மாதிரிப் புளிச்சுக் கிடக்கு. குடியாதை."

சிங்கில் ஊற்றப்போனவரிடமிருந்து அவள் போத்தலைப் பறித்தாள். கோப்பையை நிரப்பிக் குடித்தாள். தொண்டை எரிந்தது. வெய்யிலிலும் பனியிலும் நின்று பிள்ளை ஆக்கியதை, அவனுக்கென்று வைத்து வைத்தே கெடுத்துப்போட்டாளே, பாவி.

"கடைசி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன், எப்பிடி இருக்கு எண்டு," என்றாள் அவள். "எனக்கு இப்பவும் தெரியாதப்பா."