பேரம் பேசாதவர்களுக்குச் சரக்கு இல்லை

பொத்தான், ஜிப், லேஸ் விற்கும் அந்தக் கடையில் சின்னவர் பாதிப் பங்காளி. இருந்தும் கல்லாவில் உட்காரும் பாக்கியம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அங்கே அண்ணன் பெரியவர் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் குட்டித் தூக்கம் போட வீட்டுக்குப் போகும்போதும் கல்லாவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார். புரண்டு படுத்தால் குத்துமே என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். குத்தினால்தான் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டார்.

அந்த மத்தியான நேரத்தில்தான் சின்னவர் லேஸ் சுருள்களுக்குப் பின்னால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனில் 'ஏழு துறை' ஆடுவார். ஊர் உலகமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு. மற்றவர்கள் அதில் கடற்கொள்ளைக்காரனை வெட்டுவார்கள், பூதத்தைச் சுடுவார்கள். சின்னவர் முதல் நாளே தனக்குக் கொடுத்த கத்தியை நல்ல விலைக்கு விற்றுவிட்டார். அந்தக் காசில் கயிறும் லாந்தரும் வாங்கி, துறைமுகத் தரையில் துணி விரித்து உட்கார்ந்தார். வாங்கினார், விற்றார், இரண்டு வருஷம் பொற்காசு சேர்த்தார்.

எல்லாம் பாலத்து முனைக் கடைக்காகத்தான். துறைமுகத்தில் இருந்த ஒரே கல் கட்டடம் அது. கப்பலிலிருந்து இறங்குகிறவன் அதன் வாசலைக் கடக்காமல் ஊருக்குள் நுழைய முடியாது. உள்ளே ஒரு கல்லா, கல்லாவுக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி. சாவி ஒன்றே ஒன்று.

"நிஜக் கடையிலயே பாதி உங்களுது. அண்ணன்கிட்ட வாயத் தொறந்து கேக்கத் துப்பில்ல, பொம்மைக் கடைக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு அலையிறீங்க" என்பாள் மனைவி.

"அவர்கிட்ட பேரம் பேச முடியாதும்மா. வெலைய சொன்னா பதில் வெல சொல்லணும். அவர் முறைக்கிறார்."

கடையை வைத்திருந்தவருக்கு விளையாட்டில் மாலுமி என்று பெயர். கேட்ட விலை பத்தாயிரம். நாலு நாள் இழுத்ததில் ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். சின்னவரிடம் சரியாக அவ்வளவுதான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கொட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கியிருப்பார்கள். ஆனால் கையிலிருப்பதை வழித்துக் கொடுத்து வாங்கினால் அது வியாபாரமா? அப்புறம் அவர் இராத்திரி எப்படித் தூங்குவார்?

"ஒம்பது. முடிச்சுக்குவோம் மொதலாளி" என்று போனில் தட்டினார்.

"கட்டுப்படியாகாது மொதலாளி."

திரையில் சின்னவர் கடையை விட்டு இறங்கி நடந்தார். அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. வேகமாகப் போனால் கோபித்துக்கொண்டான் என்று விட்டுவிடுவார்கள். ரொம்ப மெதுவாகப் போனால் வேறு போக்கிடம் இல்லாதவன் என்று தெரிந்துவிடும். செருப்பில் மண் ஒட்டிக்கொண்ட மாதிரி, உதறி உதறிப் போக வேண்டும். பின்னாலிருந்து குரல் வரும்வரை திரும்பக் கூடாது.

குரல் வந்தது. "அந்த நடை எனக்கும் தெரியும். நாளைக்கு வாங்க."

நாளைக்கு ஒன்பதாயிரத்துக்கே படிந்துவிடும் என்று சின்னவருக்கு உறுதியாகப் பட்டது. சந்தோஷத்தில் கொஞ்சம் கயிறு கொள்முதல் பண்ணலாமென்று, புதிதாக முளைத்திருந்த ஒரு கயிற்றுக்காரனிடம் போனார். எழுத்தும் எண்ணும் கலந்து தரையில் கொட்டின மாதிரி ஒரு பெயர் அவனுக்கு. சின்னவரின் விலையைவிட ஒரு காசு குறைத்து விற்றுக்கொண்டிருந்தான்.

"மொத்தமா எடுத்தா என்ன வெல?" என்று கேட்டார். பதில் இல்லை. "ரெண்டு காசு கொறைச்சுக்குங்க." பதில் இல்லை. "சரி, நான் வர்றேன்" என்று இறங்கி, உதறி உதறிப் பாலத்தின் மறுகோடி வரைக்கும் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. தொழில் தர்மத்தை மீறித் திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தைக்கூடத் திருப்பியிருக்கவில்லை.

சின்னவர் ஆடிப்போய்விட்டார். நேராக மாலுமியிடம் ஓடினார். "என்னா நெஞ்சழுத்தம்! இப்படி ஒரு யாவாரிய நான் பாத்ததே இல்ல."

"அது ஆளே இல்லைங்க. பாட். தானா ஓடற புரோகிராம். யார் என்ன வெல போட்டாலும் அதுல ஒரு காசு கொறைச்சுப் போடும்."

"தூங்காதா?"

"தூங்காது."

"கல்லாவ விட்டு எந்திரிக்காதா?"

"எந்திரிக்காது."

"எங்கண்ணனுக்கு இப்படி ஒரு தம்பிதான் பொறந்திருக்கணும்" என்றார் சின்னவர்.

மறுநாள் அவர் ஒன்பதாயிரத்தோடு கிளம்புவதற்குள் விளையாட்டுக் கம்பெனி முந்திக்கொண்டது. ஆண்டு விழாவாம். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் பொற்காசு இலவசம். வானத்தில் வாணவேடிக்கை, கூடவே கொட்டை எழுத்தில் வாழ்த்து.

சின்னவருக்கும் வந்தது பத்தாயிரம். போனை நெஞ்சில் அணைத்துக்கொண்டார். கடையை வாங்கி, கூரைக்கு ஓடு மாற்றி, பாக்கியில் படகும் வாங்கலாமென்று கணக்குப் போட்டுக்கொண்டே பாலத்து முனைக்குப் போனால், அங்கே நிற்க இடமில்லை. அவருக்கு வந்த பத்தாயிரம் எல்லோருக்கும்தானே வந்திருந்தது! ஆளுக்கொரு விலை ஏற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதோடு நின்றிருந்தாலும் பிழைத்திருக்கலாம். பாட் வைத்திருந்தவர்கள் என்ன சும்மாவா இருப்பார்கள்? ஒவ்வொருவரும் ஆயிரம் பொய்ப் பெயர்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஆயிரம் பெயரும் வரிசையில் போய் ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கி, கொண்டுவந்து ஒரே முதலாளியின் பையில் கொட்டிவிட்டுச் செத்துப்போயின. சாயங்காலத்துக்குள் நாலு காசுக் கயிறு நானூறு. வாரக் கடைசியில் நாலாயிரம். சின்னவர் இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் துணி காயப்போட இரண்டு முழம் கயிறு வாங்கலாம். 'நம் துறைமுகத்தில் இப்போது எல்லோருமே பணக்காரர்கள்!' என்று கம்பெனி பெருமையோடு அறிவித்தது. அது உண்மைதான். வாங்கத்தான் யாருக்கும் எதுவும் அகப்படவில்லை.

சோற்றை அளைந்துகொண்டிருந்தவரைப் பார்த்து மனைவி கேட்டாள். "கப்பல் கவுந்துடுச்சா?"

"ஒம்பதாயிரத்து ஐந்நூறுக்கு முடிச்சிருக்கலாம். ஐந்நூறுக்கு ஆசப்பட்டேன்."

"வீடு வாங்கப் போனப்பவும் இப்படித்தான் ஒரு வருஷம் இழுத்தீங்க. இன்னும் வாடகைதான் குடுத்துட்டிருக்கோம்."

அப்புறம் துறைமுகத்தில் மனித நடமாட்டம் குறைந்தது. கயிறு விற்பதும் பாட், வாங்குவதும் பாட். ஒன்று விற்றதை இன்னொன்று வாங்கி, அதையே பக்கத்தில் நின்று முதலாவதற்கு விற்றது. கூச்சல் இல்லை, சண்டை இல்லை, அளவில் மோசடி இல்லை. சந்தை மாதிரியே இல்லை.

ஒருநாள் மாலுமி கூப்பிட்டனுப்பினார். "நான் கெளம்பறேன் மொதலாளி. கடைய நீங்க எடுத்துக்குங்க. காசு வேணாம்."

"சும்மாவா? என்னப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நேத்து ஒருத்தன் ரெண்டு கோடி வெச்சான். வெச்சுட்டு மரம் மாதிரி நின்னான். நல்லாருக்கீங்களான்னுகூட கேக்கல. நீங்க ஒரு ஐந்நூறுக்கு என் உயிர வாங்கினீங்க பாருங்க, அதுக்காகத்தான் தர்றேன்."

"சரி. ஒம்பதாயிரத்து ஐந்நூறு வாங்கிக்குங்க."

"அதுல லாந்தர் திரிகூட வராதுங்க. வேணாம்."

"எலவசத்தால நாசமாப் போன மனுஷன் நான். நானே எலவசமா வாங்கவா? ஒம்பதாயிரத்து ஐந்நூறு."

மாலுமி யோசித்தார். "உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நூறு குடுங்க."

"நூறா!" சின்னவர் பதறிவிட்டார். "கட்டுப்படியாகாது!"

வாங்குகிறவர் சொல்கிற வார்த்தையா அது? மாலுமி கடையை விட்டு இறங்கிப் பாலத்தில் நடந்தார், செருப்பில் மண் ஒட்டிய அதே நடை. சின்னவர் பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "நில்லுங்க, நில்லுங்க. ஒம்பதாயிரத்து நானூறு. அதுக்குக் கீழ ஒரு காசு கொறைக்க மாட்டேன்."

"ஐந்நூறு."

"எம் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

இப்படியே மூன்று மத்தியானம் போயிற்று. கடைசியில் ஒன்பதாயிரத்துக்குப் படிந்தது. சின்னவர் முதலில் கேட்ட விலை! ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் மாலுமி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சின்னவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கை வந்தது. எழுத்தும் எண்ணுமாய் ஒரு பெயர், சொன்ன விலையை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போயிற்று. அடுத்ததும் அப்படியே. மறுநாளும் அப்படியே. கல்லா நிரம்பி வழிந்தது, இவருக்கு வயிறு எரிந்தது. சொன்னதைக் கொடுத்துவிட்டுப் போனால், இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமோ என்கிற அரிப்பு எந்த வியாபாரியையும் தின்றுவிடாதா?

மூன்றாம் நாள் ஒரு பலகை எழுதி மாட்டினார்: பேரம் பேசாதவர்களுக்குச் சரக்கு இல்லை. தான் சம்மதம் கொடுத்தால்தான் பொருள் கை மாறும் என்று கடையின் ஏற்பாட்டையும் மாற்றினார். பிறகு ஒரு குறும்பு செய்தார். கயிற்றின் விலையைத் துறைமுகத்திலேயே ஒரு காசு குறைவாகப் போட்டார்.

மலிவு எங்கே என்று மோப்பம் பிடித்து ஓடுவது பாட்களின் பிறவிக் குணம். அத்தனையும் வந்தன. பேரம் பேசத் தெரியாமல், போகவும் தெரியாமல், கையில் காசோடு வரிசையில் நின்றன. வரிசை பாலத்தைத் தாண்டிக் கப்பல் மேடைவரை நீண்டது. சின்னவர் அதைக் கண் குளிரப் பார்த்தார். ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவு கூட்டம் எந்தக் கடைக்குக் கிடைக்கும்? கூட்டத்தைப் பார்த்தால் மனுஷனுக்குக் கால் நிற்காது என்பது அவர் அறிந்த வித்தை.

அதேபோல ஒருநாள் மத்தியானம் வரிசையை முண்டிக்கொண்டு கொசு என்ற பெயரில் ஒன்று முன்னால் வந்தது. "இங்க என்ன இவ்ளோ கூட்டம்?"

"சரக்கு அப்படி."

"லாந்தர் என்ன வெல?"

"அம்பதாயிரம்."

"அம்பதா! கொள்ளையா இருக்கே. கண்ணாடி கீறியிருக்கு, பாருங்க."

கீறல் இல்லை. சின்னவர் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை நாளாயிற்று ஒருவர் இப்படிக் கூசாமல் பொய் சொல்லிக் கேட்டு! "உங்க கண்ணுல தூசி. நாப்பத்தெட்டு."

"இருபது."

"வேற கடை பாருங்க."

"சரி, வர்றேன்."

கொசு இறங்கி நடந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. செருப்பில் மண் ஒட்டிய மாதிரி.

எந்த பாட் நடந்தாலும் இந்த நடை வராது. சின்னவர் பொறுத்தார். கொசு பாலத்தின் பாதியைத் தாண்டியது. பொறுத்தார். மறுகோடிக்குப் போனது. விரல் தட்டுவதற்கு முன்னால் வாய் கத்திவிட்டது. "வாங்க, வாங்க! கேட்ட வெலைக்கே தர்றேன்!"

"யாருக்குடா? எந்த வெலைக்கு?"

நிமிர்ந்து பார்த்தார். தூங்கி எழுந்த முகத்தோடு, இடுப்பில் சாவியோடு, காலிக் கடையின் நடுவில் பெரியவர் முறைத்துக்கொண்டு நின்றார்.

போனில் கொசு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"செத்த இருங்கண்ணே" என்றார் சின்னவர், முக்காலியை விட்டு எழுந்திருக்காமல். "கடையில ஆள் இருக்கு."